பல்செட் கொடுத்தால் போதுமா?

“இந்த வயசுல கிழவிக்கு எதுக்குப் பல்லு?”

நம் தெருக்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. மகன் கேட்கிறான், மருமகள் கேட்கிறாள், கடைசியில் அந்தக் கிழவியே கேட்டுக்கொள்கிறாள். கண்புரை என்றால் அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போகிறார்கள். மூட்டுவலி என்றால் ஊசி போட அழைத்துப் போகிறார்கள். பல் போனால் மட்டும் ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஐம்பது வயதிலேயே மொத்தப் பல்லும் போன பெண்களை உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஐம்பது என்ன கிழவயதா?

எங்கள் காலனியில் மாலை வகுப்பு நடத்தும் நாங்கள் ஆறு பேர், இரண்டு ஆண்டுகளாக முதியவர்களைப் பல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் வருகிறோம். இதுவரை பதினோரு பேர். எங்களில் யாரும் பல் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. ஆனால் வரிசையில் உட்கார்ந்து, மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு, வாங்கிவந்த பல்செட் நிற்கிறதா விழுகிறதா என்று நாள்தோறும் பார்த்துக் கற்றுக்கொண்டது கொஞ்சம் இருக்கிறது. சமூக வேலை என்றால் மேடையும் முழக்கமும் மட்டும்தான் என்று நினைக்காத தோழர்களுக்காக அதை எழுதுகிறோம்.

டப்பாவுக்குள் இருந்த பற்கள்

எங்களை இந்த வேலைக்குள் இழுத்தது ஒரு முகாம். இலவசப் பல்செட் தருகிறோம் என்று சொல்லி ஒருநாள் வந்து அளவெடுத்தார்கள். சில வாரம் கழித்து மேடை போட்டு, சால்வை போர்த்தி, கையில் பல்செட் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அத்தோடு சரி. ஆறு மாதம் கழித்து நாங்கள் வீடுவீடாகப் போய்க் கேட்டோம். வாங்கிய ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற ஏழு செட்டும் எவர்சில்வர் டப்பாவிலும், சுருக்குப் பையிலும், சாமி மாடத்திலும் கிடந்தன. எங்கள் ஆயா தன்னுடையதைக் கல்யாணத்துக்கும், உதவித்தொகைக்குப் படம் எடுக்கும் நாளுக்கும் மட்டும் போட்டுக்கொள்வாள். கேட்டால், “பல்லு இல்லன்னு சொன்னேன், கல்லு குடுத்து அனுப்பியிருக்காங்க” என்பாள்.

அந்தக் கல்லைக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போனோம். பயிற்சி மருத்துவர் ஒரு பெண். செட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பசை ஒன்றை மெல்லியதாகப் பூசி ஆயாவின் வாயில் வைத்து அழுத்திவிட்டு வெளியே எடுத்தார். ஓர் இடத்தில் மட்டும் பசை வழித்தெடுத்ததுபோல் போயிருந்தது. அங்கேதான் செட் ஈற்றைக் குத்திக்கொண்டிருந்தது. கருவியால் அந்த இடத்தை லேசாகத் தேய்த்தார். மறுபடி பசை, மறுபடி தேய்ப்பு. மொத்தமே பத்துப் பதினைந்து நிமிட வேலை. இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு முறை போனோம். அதற்குப் பிறகு ஆயா கறி மென்றாள்.

ஆக, அந்த ஏழு டப்பாக்களுக்கும் காரணம் பல்செட் மோசம் என்பதோ, முதியவர்களுக்குப் பொறுமை இல்லை என்பதோ இல்லை. பல்செட்டைக் கொடுத்தவர்கள் அதைப் பொருத்துவதற்கான நேரத்தைக் கொடுக்கவில்லை. வேட்டி சேலை போலக் கையில் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய பொருள் இல்லை இது. கடித்தால் காலை உறுத்தும் செருப்பையாவது கழற்றி வீசிவிட்டு நடக்கலாம். வாயை எங்கே வைப்பது?

யாருடைய பல், யாருடைய வாய்க்கு?

பல்செட்டின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவர் வாயில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். அவருடைய பல்செட்டுகள் மரத்தால் ஆனவை என்ற கதை பொய். யானைத் தந்தம், நீர்யானைத் தந்தம், உலோகம், மனிதப் பற்கள் ஆகியவற்றால் செய்யப்பட்டவை அவை. 1784ஆம் ஆண்டு அவருடைய பண்ணைக் கணக்கில், கறுப்பின மக்களிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கியதற்காக 122 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. அவர் பண்ணையில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களாகவே அவர்கள் இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. விற்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாதவரிடம் ‘வாங்கியது’ என்றால் என்ன பொருள் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக் கிடந்த சிப்பாய்களின் பற்களையும் பிடுங்கிப் பணக்காரர்களுக்குப் பல்செட் செய்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பதப்படுத்திய ரப்பரும், 1930களுக்குப் பிறகு அக்ரிலிக்கும் வந்தபின் நிலைமை மாறியது. யார் வாயிலிருந்தும் பிடுங்காமல், தந்தத்துக்குச் செலவழிக்காமல் எல்லோருக்கும் பல் கட்ட முடிந்தது. இன்று பொருள் மலிவு. மலிவாகாதது பொருத்துகிறவரின் நேரமும், பொருத்திக்கொள்ளப் போகிறவரின் ஒருநாள் கூலியும்தான்.

எச்சில் செய்யும் வேலை

பல்செட் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால், ஏன் விழுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடியிருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய எச்சில் படலம். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டிப் பாருங்கள், நேராக இழுத்தால் பிரியாது. அதே தத்துவம்தான். எச்சிலைத் தீட்டாக்கி, நமக்குத் தனிக் குவளை வைத்த நாடு இது. அந்த எச்சில் இல்லாமல் எந்தச் சாதிக்காரர் வாயிலும் பல்செட் நிற்காது. ஆகவே உலர்ந்த செட்டை அப்படியே மாட்டாமல், நனைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், மனநோய் போன்றவற்றுக்குத் தரும் சில மாத்திரைகள் வாயை வறளச் செய்யும். வாய் வறண்டால் செட்டும் தளரும். சாப்பிடும் மாத்திரைகளைப் பல் மருத்துவரிடம் காட்டுவது இதற்காகத்தான்.

கீழ் செட்டின் கதை வேறு. அது லாட வடிவம். மூடுவதற்கு அங்கே அண்ணம் இல்லை, நடுவில் நாக்கு ஓயாமல் அசைகிறது. அதனால் கீழ் செட் மேல் செட்டைவிடக் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நாக்கும் கன்னமும் அதைப் பிடித்துக்கொள்ளச் சில வாரங்களில் பழகிவிடும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் டப்பாவில் போடமாட்டார்கள்.

அடுத்தது எலும்பு. பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் தாடை எலும்பின் மேடு இருக்கும். பல் போனதும் மேடு கரையத் தொடங்கும். முதல் ஆண்டில் வேகமாகக் கரைகிறது. பிறகு மெதுவாக, ஆனால் ஆயுள் முழுக்கக் கரைகிறது. நீண்ட கால ஆய்வுகளில் கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கரைவதைக் கண்டிருக்கிறார்கள். செட் மாறாது, வாய் மாறிக்கொண்டே இருக்கும். நன்றாக இருந்த செட் மூன்றாவது ஆண்டில் தளர்ந்தால் அதற்குக் காரணம் இதுதான். அப்போது புதிது வாங்க வேண்டும் என்பதில்லை. இப்போதைய ஈற்றுக்கு ஏற்றபடி செட்டின் உட்புறத்தில் புதிய அடுக்கு சேர்ப்பார்கள். அதை ‘ரீலைன்’ என்கிறார்கள். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். அரசு மருத்துவமனையில் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் பதிலின் தொனியே மாறுகிறது.

செய்யும்போதே கேட்க வேண்டியவை

முழுப் பல்செட் ஒரே நாளில் ஆகும் வேலை இல்லை. முதலில் ஈற்றின் அச்சை எடுப்பார்கள், சரியாகச் செய்தால் இரண்டு முறை. பிறகு மெழுகுக் கட்டைகளை வைத்து மேல் கீழ்த் தாடைகள் எந்த உயரத்தில் சேர வேண்டும் என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகு மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்துக் காட்டுவார்கள். கடைசியில்தான் அக்ரிலிக் செட். ஐந்தாறு முறை போக வேண்டியிருக்கும்.

இதில் மெழுகில் அடுக்கிக் காட்டும் நாள் மிக முக்கியம். அன்று கண்ணாடி கேளுங்கள். பல் ரொம்ப வெள்ளையாக இருக்கிறதா, உதடு துருத்துகிறதா, வாயை மூட முடிகிறதா என்று பெரியவர்களே பார்த்துச் சொல்லட்டும். மெழுகில் மாற்றுவது சுலபம், அக்ரிலிக் ஆனபின் கடினம். செட்டின் ஈற்றுப் பகுதி பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவே வரும். நம்மில் பலருக்கு ஈறு பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். நிறத்தைச் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறது. கேட்டால்தான் செய்வார்கள். ‘இலவசமாத்தானே தர்றோம்’ என்ற பேச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டாம். அது வரிப்பணம்.

முதல் மாதம்

முதல் சில நாட்கள் வாயில் எச்சில் ஊறும், குமட்டும், பேச்சு குழறும். அவை தானாகக் குறையும். முதலில் இட்லி, குழைந்த சோறு, மசித்த பருப்பு. பிறகு வெந்த காய், மீன். அதற்குப் பிறகு சிறிதாக நறுக்கி நன்றாக வேகவைத்த கறி. முன்பற்களால் கடித்து இழுத்தால் செட் கிளம்பிவிடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லப் பழக வேண்டும். முழுப் பல்செட்டின் கடிவிசை சொந்தப் பல்லின் கடிவிசையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். உப்புக்கண்டத்தை முதல் வாரமே கேட்டு அடம்பிடித்த தாத்தா ஒருவர் எங்களிடம் இருக்கிறார். ஊறவைத்து, வேகவைத்து, இடித்துக் கொடுத்தோம். சாப்பிட்டார்.

ஈற்றில் புண் வந்தால் செட்டைக் கழற்றிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். பிறகு மருத்துவமனைக்குப் போனால் புண் ஆறியிருக்கும், எங்கே குத்துகிறது என்று மருத்துவருக்குத் தெரியாது. வலி தாங்காவிட்டால் கழற்றி வைக்கலாம். ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முந்தைய நாளும் அன்று காலையும் சில மணி நேரமாவது போட்டுக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் சிவந்த இடம் தெரியும், அங்கே தேய்ப்பார்கள். வீட்டில் அரம், பிளேடு, உப்புத்தாள் கொண்டு தேய்க்கவே கூடாது. ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் செட் முழுவதும் கெட்டுப்போகும். உடைந்தால் கடைப் பசை போட்டு ஒட்டவும் கூடாது. உடைந்த துண்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள்.

நாள்தோறும் பராமரிப்பு

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கழற்றிக் கழுவ வேண்டும். அடியில் தண்ணீர் நிறைந்த பாத்திரமோ மடித்த துணியோ இருக்கட்டும். கைதவறி விழுந்து உடைவதுதான் அதிகம். மென்மையான பிரஷும் சாதாரண சோப்பும் போதும். பற்பசை வேண்டாம், அது அக்ரிலிக்கைக் கீறும். நம் வீடுகளில் புழங்கும் உமிக்கரி, சாம்பல், செங்கல் தூள், உப்பு எதுவும் கூடாது. கீறலில்தான் கிருமி தங்கும். வெந்நீரும் ஆகாது, செட் வளைந்துவிடும்.

இரவில் கழற்றி, மூடிய கிண்ணத்தில் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். உலரவிட்டால் வடிவம் மாறும். ஈற்றுக்கும் ஓய்வு வேண்டும். இரவும் பகலும் போட்டிருப்பவர்களுக்கு அண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்று வரும். ஜப்பானில் சராசரி 87 வயதைத் தாண்டிய 524 முதியவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. செட்டைக் கழற்றியபின் மெல்லிய ஈரத்துணியை விரலில் சுற்றி ஈற்றையும் அண்ணத்தையும் நாக்கையும் துடைக்க வேண்டும். பல்லே இல்லாத வாய்க்கும் பராமரிப்பு உண்டு.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். களை எடுக்கும்போதும் கரும்பு வெட்டும்போதும் பசியையும் அலுப்பையும் அடக்கப் புகையிலை போட்டுப் பழகியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இவர்கள் வாயில் இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ இருந்தால் ‘செட் குத்துது’ என்று விட்டுவிடக் கூடாது. உடனே காட்டுங்கள். புற்றுநோயாக இருந்தால், முதலில் பிடித்தால் காப்பாற்ற முடியும். வலி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை வாயைக் காட்டி வருவது இதற்கும் சேர்த்துத்தான்.

பல் போனால் சொல் போகும்

பழமொழியை வேடிக்கையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது நீதிமன்றத்தில் நடந்தது. எங்கள் தெருவில் பெரியப்பா ஒருவர் வன்கொடுமை வழக்கில் சாட்சி. அவருடைய கீழ் செட் தளர்ந்து போயிருந்தது. ‘த’வும் ‘ந’வும் ‘ச’வும் ஒன்றோடொன்று குழம்பின. பேசும்போது செட் கடகடத்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். எதிர்த்தரப்பில் சிரித்தார்கள். மூன்றாவது முறை கேட்டதும் பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்று விசாரணை முடியவில்லை.

அடுத்த தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் ரீலைன் செய்தோம். பிறகு தினமும் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தார். புதிய செட்டுக்குப் பேச்சு பழக மருத்துவர்கள் சொல்லும் வழியும் அதுதான், சத்தமாகப் படிப்பது. பிழையாகச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திருத்தினார்கள். “ஏன்டா, எனக்கே வாத்தியாரா?” என்று சிரித்துக்கொண்டே மறுபடி படிப்பார். அடுத்த முறை கூண்டில் ஏறி, நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் அவர் சொன்னது சொன்னபடி பதிவாகியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

கேரளத்தில் ‘மந்தஹாசம்’ என்ற பெயரிலும், கர்நாடகத்தில் ‘தந்த பாக்ய’ என்ற பெயரிலும் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு இலவசப் பல்செட் தரும் திட்டங்களை அரசுகளே தொடங்கின. பல்செட் ஆடம்பரம் இல்லை என்பதை அரசுகளே ஒப்புக்கொண்டதற்கு இவை சாட்சி. நம் மாநிலத்திலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் பல்செட் செய்கிறார்கள். ஆனால் எந்தத் திட்டமானாலும் எத்தனை செட் கொடுத்தோம் என்று எண்ணுவதோடு நின்றால் போதாது. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்று எண்ண வேண்டும். உங்கள் ஊருக்கு முகாம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: கொடுத்தபின் திருத்துவதற்கு எந்த நாளில், எங்கே வருவீர்கள்? ரீலைன் செய்து தருவீர்களா? உடைந்தால் யாரிடம் போவது? பதிலை எழுதி வாங்குங்கள்.

அதோடு, கூடப் போங்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. ஆனாலும் நூறு நாள் வேலையில் ஒருநாள் கூலி போகும் என்றால் ஆயா வரமாட்டாள். வேலை இல்லாத நாளாகப் பார்த்து நேரம் வாங்குங்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரே நாளில் அழைத்துப் போங்கள். மருத்துவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் இருப்பார், நோட்டு இருந்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். செட்டில் பெயர் பொறிக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் முதலில் தொலைவது அதுதான்.

இந்த வாரம் உங்கள் தெருவில் ஒரு பத்து வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். டப்பாவுக்குள் கிடக்கும் பல்செட் ஒன்றாவது இருக்கும். அதைத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். “எங்க குத்துது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.